ஆள் நுழைய வழி வைத்த வாத்தியம்

பெரிய பைப் ஆர்கன் (குழல்களுக்குள் காற்றைச் செலுத்திக் கீபோர்டால் வாசிக்கிற வாத்தியம்) என்றதும் எல்லாரும் எடுத்துப் போடுகிற படம் ஒன்றேதான். பளபளவென்று வரிசை கட்டி நிற்கும் குழல்கள், உச்சியில் எக்காளம் ஊதும் தேவதைகள், தங்கமுலாம் பூசிய செதுக்கு வேலை. படத்தில் குறை இல்லை. ஆனால் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆர்கனைப் பார்த்தேன் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. மொத்தக் குழல்களில் முகப்பில் நிற்பவை சொற்பம். அதிலும் சிலது ஊமைக் குழல்கள், அழகுக்கு நிறுத்தியவை, அவற்றுக்குள் காற்றே போகாது. மீதி ஆயிரக்கணக்கான குழல்கள் பின்னால், இருட்டில், தூசியோடு நிற்கின்றன.

அடுத்ததாக எல்லாரும் சொல்வது எண்ணிக்கை. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி போர்ட்வாக் அரங்கத்து ஆர்கனில் 33,000-க்கு மேல், பிலடெல்பியாவில் வானமேக்கர் கடைக்கட்டடத்துக்குள் இருப்பதில் 28,750, ஜெர்மனியின் பாசாவ் பேராலயத்தில் கிட்டத்தட்ட 18,000. சரி, இருக்கட்டும். எனக்கு ஒரு ஆர்கனைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது வேறு: உள்ளே ஆள் போக முடியுமா? போனால், எந்தக் குழலாக இருந்தாலும் மற்றதைப் பிடுங்காமல் கை எட்டுமா? முந்நூறு வருஷம் தாக்குப்பிடித்து இன்னும் வாசிக்கப்படுகிற ஆர்கன்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்பவைதான் அவை. நல்ல மரம், நல்ல உலோகம், பெரிய பெயர் எல்லாம் அப்புறம்.

பழைய ஆர்கனின் பக்கவாட்டில், செதுக்கு வேலைக்கு நடுவே கண்ணில் படாதபடி ஒரு கதவு இருக்கும். திறந்தால் நேரே ஏணி. ஏறினால் ஒற்றைப் பலகை அகலத்துக்கு ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் குழல்கள். நடைபாதை என்றால் நிமிர்ந்து நடப்பது இல்லை, ஒருக்களித்து நகர்வது. வட ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவற்றில் மாடி மாடியாகப் பிரித்திருப்பார்கள். வாசிப்பவரின் தலைக்கு மேலே பிரதானப் பிரிவு, அதற்கும் மேலே இன்னொன்று, மார்புக்கு நேரே சின்னக் கதவுகளுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பிரிவு, முதுகுக்குப் பின்னால் மாடியின் கைப்பிடிச் சுவரில் தொங்குகிற மாதிரி தனியாக ஒரு பெட்டி. இரண்டு ஓரங்களிலும் கோபுரங்களாக நிற்பவை பெரும்பாலும் பெடலுக்கான, அதாவது காலால் வாசிக்கும் கீவரிசைக்கான குழல்கள். வெளியிலிருந்து பார்க்கும்போதே உள்ளே எது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். முகப்பு அந்த அளவுக்கு நேர்மையாக இருக்கும்.

இப்போது கீயிலிருந்து குழலுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அங்கேதான். கீபோர்டின் அகலம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியோ பல மீட்டர் அகலம். குழல்களும் கீபோர்டு வரிசையில் நிற்பதில்லை. ஸி, டி, இ என்று ஒன்றுவிட்டு ஒன்று இடது பக்கமும், இடையில் விட்டவை வலது பக்கமுமாகப் பிரித்து நிறுத்துவதுதான் பழைய வழக்கம். இதனால் கனமான குழல்கள் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும், பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் அருகருகே நின்று ஒன்றை ஒன்று இழுத்துக் கெடுக்காமலும் இருக்கும். ஆக, கீயின் அசைவை மேலே மட்டும் கொண்டுபோனால் போதாது, இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அதற்குத்தான் ரோலர் போர்டு. ஒரு பெரிய பலகை, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நீள உருளைகள், ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு கைகள். ஒரு கையைக் கீ இழுக்கும், உருளை லேசாகத் திரும்பும், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிற மறு கை அதே அளவுக்கு இழுக்கும். இணைப்பது டிராக்கர் எனப்படும் மெல்லிய மரச் சிம்புகள். கம்பி போட்டிருக்கலாமே என்று தோன்றும். நீளவாக்கில் இழுத்தால் மரம் ஏறக்குறைய நீளுவதே இல்லை, எடையும் குறைவு. 300 வருஷத்துக்கு முன்னால் செய்த சிம்பு இன்றைக்கும் விரலின் அசைவைச் சிந்தாமல் மேலே கொண்டுபோகிறது.

காற்றுப்பெட்டியின் முன்பலகையைக் கழற்றினால் கீழ்த்தளம் தெரியும். இதுதான் நான் ஆர்கனிலேயே அதிக நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய இடம். வரிசையாக வால்வுகள், ஒவ்வொரு கீக்கும் ஒன்று. ஒரு சாண் நீளமோ கொஞ்சம் கூடவோ இருக்கும் ஒடுக்கமான மரத்துண்டு, மேல் பக்கம் ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கும். கீழே இருந்து பித்தளை ஸ்பிரிங் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும், சுற்றி நிறைந்திருக்கும் காற்றும் சேர்ந்து மேலே அழுத்தும். கீயை அழுத்தினால் ஒரு கம்பி வால்வைக் கீழே இழுக்கும். தோல் விளிம்பு ஒரு மயிரிழை விலகியவுடனே மேலும் கீழும் காற்றழுத்தம் சமமாகிவிடும், அதுவரை விரலுக்குத் தெரிந்த எதிர்ப்பு சட்டென்று காணாமல் போகும். வாசிப்பவர்கள் இந்த ஒரு கணத்துக்காகத்தான் உயிரை விடுகிறார்கள். சுரம் எப்போது பிறக்கிறது என்று விரலுக்கே தெரிகிறது, அதைக் கொஞ்சம் மெதுவாகவோ வெடுக்கென்றோ திறந்து தொடக்கத்தை மாற்றவும் முடிகிறது. மின்சாரத் தொடர்பு வைத்த ஆர்கனில் கீ வெறும் சுவிட்ச். வசதிதான், ஆனால் இந்தச் சுகம் கிடையாது.

வால்வு திறந்தால் காற்று நேரே குழலுக்குப் போய்விடாது. மேலே ஒரு நீளமான காடி இருக்கிறது, அந்தக் கீக்கு மட்டும் உரியது, அதற்குள் போய் நிறையும். அந்தக் காடியின் மேல்தான் அந்தச் சுரத்துக்கான எல்லாக் குழல்களும் முன்னும் பின்னுமாக நிற்கின்றன, ஸ்டாப்புக்கு (ஒரே வகைக் குரலுள்ள குழல் வரிசைக்கு) ஒன்றாக. எல்லாம் ஒரேயடியாகக் கத்தாமல் இருப்பதற்கு நடுவில் ஸ்லைடர்கள். ஓட்டை போட்ட நீள அடிமட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஸ்டாப் குமிழை இழுத்தால் அது சில சென்டிமீட்டர் நகரும், ஓட்டைக்கு நேர் ஓட்டை வரும், வழி திறக்கும். தள்ளினால் மூடிக்கொள்ளும். கீ நெடுக்கில், ஸ்டாப் குறுக்கில், இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஒரு குழல். இவ்வளவு எளிய கணக்கை வைத்துக்கொண்டுதான் நெதர்லாந்தின் ஹார்லெம் பாவோ தேவாலயத்தில் கிறிஸ்டியான் முல்லர் 1738-ல் முடித்த அந்தப் பிரமாண்டம் ஓடுகிறது. 1766-ல் பத்து வயது மோட்ஸார்ட் வந்து வாசித்தது அதில்தான்.

குழல்களை எதைக் கொண்டும் ஒட்டுவதில்லை, திருகுவதில்லை. குழலின் அடியில் உள்ள கால் பகுதியின் நுனி பலகையில் குடைந்த குழியில் உட்காரும், கொஞ்சம் மேலே துளையிட்ட இன்னொரு மெல்லிய பலகை அது சாயாமல் பிடித்துக்கொள்ளும், சொந்த எடையே மீதியைப் பார்த்துக்கொள்ளும். பெரிய குழல்களுக்கு மட்டும் பின்னால் கொக்கியோ கட்டோ உண்டு. சின்னக் குழல்களை இரண்டு விரலால் தூக்கி எடுத்துவிடலாம். மாட்டிக்கொண்ட தூசியை ஊதிவிட்டுத் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. ஒரு சுரம் யாரும் தொடாமலே கத்திக்கொண்டிருந்தால் முதலில் பார்ப்பது வால்வின் தோலை: ஒரு மரத்தூள் துணுக்கு இடையில் மாட்டியிருந்தாலே போதும், கச்சேரி நாறிவிடும். அதை எடுக்க முன்பலகையைத் திறந்து கைவிட இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஐந்து நிமிஷ வேலையா ஐந்து நாள் வேலையா என்பதைத் தீர்மானிக்கிறது.

குழலுக்கு வருவோம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகம். காரீயம் அதிகமானால் ஒலி கொஞ்சம் கனிந்து வரும் என்பார்கள், வெள்ளீயம் அதிகமானால் பளபளப்பு வரும், செலவும் வரும், அதனால்தான் முகப்புக்கு வெள்ளீயத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே காரீயத்தைப் போட்டார்கள். (ஒலியில் உலோகத்துக்கு எவ்வளவு பங்கு என்பது ஆர்கன்காரர்கள் இரண்டு பேர் கூடினால் தீராத சண்டை. வாயின் வடிவமும் குழலின் அகலமும்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி.) உருக்கிய உலோகத்தை நீள மேஜையின் ஒரு முனையில் மரச்சட்டப் பெட்டி ஒன்றில் ஊற்றி, அந்தப் பெட்டியை ஒரே மூச்சில் மறுமுனைக்கு இழுத்துப் போவார்கள், பின்னால் தகடு படிந்துகொண்டே வரும். இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதியாக இருந்தால் ஆறும்போது மேல்பரப்பில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பிறகு இழைத்து, உருளையில் சுற்றி, விளிம்பைப் பற்றவைப்பது.

நீளம் சுரத்தைத் தீர்மானிக்கிறது. திறந்த குழலில் எட்டடி என்றால் கீபோர்டின் மிகத் தாழ்ந்த ஸி, வினாடிக்கு 65 அதிர்வு. முப்பத்திரண்டு அடி என்றால் 16 சொச்சம், அதைக் காதைவிட நெஞ்சாங்கூடுதான் முதலில் கேட்கும். மறுமுனையில் உடம்பு ஒரு சென்டிமீட்டர் சொச்சமே இருக்கிற பொடிசுகள். மேல்முனையை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுரம் கிடைக்கும், ஆனால் மேல்சுரங்களில் ஒற்றைப்படை மட்டும் ஒலிப்பதால் குரல் உள்ளடங்கிப் போகும். இடம் இல்லாத இடத்தில் இது பெரிய உதவி. அகலம் நீளத்தோடு அதே விகிதத்தில் குறைவதில்லை. அப்படிக் குறைத்தால் மேல்சுரங்கள் கீச்சென்று மெலிந்துபோகும். ஒரு எட்டு (ஒரு ஸியிலிருந்து அடுத்த ஸி வரை) ஏறினால் நீளம் பாதியாகும், அகலம் பாதியாவதற்கு அதற்கும் மேலே போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் டொப்ஃபர் என்ற ஜெர்மானியர் போட்ட கணக்குப்படி 17-ஆவது குழலில்தான் அகலம் பாதி. அவருக்கு முந்தைய ஆட்கள் இதே முடிவுக்கு ஏறக்குறையக் கைப்பழக்கத்தாலும் காதாலும் வந்து சேர்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு கணக்கோடு.

வாய் இருக்கும் இடத்தில் உள்ளே ஒரு குறுக்குத் தட்டு, அதற்கும் கீழ் உதட்டுக்கும் நடுவே ஒரு கீறல். காற்று அந்தக் கீறல் வழியாக மெல்லிய தகடாக எழுந்து மேல் உதட்டில் மோதி, உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி அலைபாயும், அதுதான் ஒலி. குழலுக்குக் குரல் கொடுக்கிறவர் வேலை எல்லாம் இந்த விரற்கடை இடத்தில்தான். தட்டை ஒரு துளி ஏற்றுவது, இறக்குவது, கால் துளையைச் சுருக்குவது, மேல் உதட்டைக் கொஞ்சம் வெட்டி உயர்த்துவது. கடைசியாகச் சொன்னதில்தான் ஆபத்து. வெட்டின உதடு வளராது. பிற்காலத்து ஆட்கள் தங்கள் காலத்து ரசனைக்காகக் கத்தியை எடுத்த குழல்களை இன்றைக்குச் சீரமைப்பவர்கள் உலோகத் துண்டு வைத்து ஒட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

டியூனிங் செய்கிறவருக்குக் கீழே உட்கார்ந்து கீ அழுத்திக் கொடுக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். ஆர்கன் உலகத்திலேயே அலுப்பான வேலை இதுதான். மேலே இருந்து "அடுத்தது" என்று குரல் வரும், அழுத்துவோம், இரண்டு குழல்கள் வங் வங் வங் என்று அலைந்து அலைந்து மெதுவாகி ஒன்றாகும், மறுபடி "அடுத்தது". நடுவில் டங் என்று ஒரு சின்னத் தட்டல். பித்தளைக் கூம்பைக் குழலின் மேல்விளிம்பில் வைத்துத் தட்டுகிற சத்தம் அது. உள்ளே விட்டுத் தட்டினால் விளிம்பு விரிந்து சுரம் ஏறும், கவிழ்த்துத் தட்டினால் குவிந்து இறங்கும். நூற்றாண்டுக் கணக்கில் இப்படித் தட்டு வாங்கிய குழல்கள் மேலே கிழிந்து, கீழே கால் நசுங்கி நிற்பதைப் பார்க்கலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இந்தத் தட்டலை முடிந்தவரை தவிர்ப்பார்கள். ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலே குழல்களின் சுரம் அரைச் சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு ஏறிவிடும், ஆனால் எல்லாம் சேர்ந்து ஏறும், அதனால் பரவாயில்லை. வம்பு செய்வது ரீட் குழல்கள். அவற்றில் ஒலியைத் தருவது பித்தளை நாக்கு, அது வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. மற்றவை ஏறும்போது இவை நின்ற இடத்திலேயே நிற்கும், கேட்பவருக்கோ ரீட்தான் கெட்டுப்போனதாகத் தோன்றும். ஆயிரம் குழல்களை மாற்றுவதைவிட ஐம்பது நாக்குகளை மாற்றுவது சுலபம் என்பதால் டியூனரும் அதைத்தான் மாற்றுவார். ரீட் வரிசைகள் நடைபாதைக்குப் பக்கத்தில் இருப்பதன் காரணம் இதுவே.

காற்று பற்றிச் சுருக்கமாக. பழைய துருத்திகள் ஆப்பு வடிவத்தில் பெரிய கதவு அளவுக்கு இருக்கும், ஆட்கள் ஏறி மிதித்துத் தூக்குவார்கள், பிறகு எடை தானாக இறங்கிக் காற்றை அழுத்தும். அழுத்தம் என்று பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று அளந்தால் 70 முதல் 90 மில்லிமீட்டர், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவு ஊதலில்தான் அத்தனை பெரிய கட்டடமும் நிறைகிறது. புதிய ஆர்கனைச் சோதிக்கப் போனால் இசையமைப்பாளர் பாக் முதல் வேலையாக எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு வாசிப்பாராம், இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்க. கட்டியவர்கள் வெளிறிப் போவார்களாம். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரீட் ஸ்டாப்புக்கு 100 அங்குல அழுத்தம், அது வேறு ஜாதி, விட்டுவிடுவோம்.

நோய்கள் உண்டு. குளிர்காலத்துச் சூடேற்றும் வசதி வந்தபிறகு தேவாலயங்களின் காற்று காய்ந்துபோய், நூற்றாண்டுகளாக அசையாமல் இருந்த காற்றுப்பெட்டிகள் விரிசல் விட்டன. ஒரு காடியிலிருந்து அடுத்த காடிக்குக் காற்று ஒழுகினால் அழுத்தாத சுரமும் முனகும். அப்புறம் காரீய அரிப்பு. ஓக் மரம் மெதுவாக அசிட்டிக் அமில ஆவி விடும், அது கால் துளை வழியே ஏறிக் குழலை உள்ளிருந்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். லூபெக் யாகோபி தேவாலயத்து ஸ்டெல்வாகன் ஆர்கனில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், பழுதுபார்க்கப் புது ஓக் போட்டால் அமிலம் கூடும்.

இனி, ஏன் இவ்வளவு நேரம் கழற்றுவதையும் மாட்டுவதையும் பற்றியே பேசுகிறேன் என்பதற்கு ஹாம்பர்க் யாகோபி தேவாலயம். ஆர்ப் ஷ்னிட்கர் 1689-லிருந்து 1693 வரை கட்டினார், அதிலேயே தனக்கு முந்தையவர்களின் குழல்களை எடுத்துப் போட்டுக்கொண்டார், தூக்கி எறியவில்லை. 1917-ல் முகப்பின் வெள்ளீயக் குழல்களைப் போருக்காக உருக்க எடுத்துப் போனார்கள். அடுத்த போரில் முன்யோசனையோடு குழல்களையும் காற்றுப்பெட்டிகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944-ல் குண்டுவீச்சில் வெளி மரக்கூடு அழிந்தது, ஆர்கன் தப்பித்தது. யூர்கன் ஆரென்ட் திரும்பச் சீரமைத்து 1993-ல் ஒலித்தது. முகப்பு முழுக்கப் புதிது, உள்ளே நிற்பவை பழையவை. படம் எடுப்பவர்கள் எதைப் படம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸ் நோத்ர தாமிலும் அதேதான்: 2019 தீயில் எரியாமல் தப்பிய சுமார் 8,000 குழல்களை ஈயத்தூசி படிந்ததால் கழற்றி, கழுவி, திரும்ப நிறுத்தி, 2024 டிசம்பரில் வாசித்தார்கள். வஜ்ஜிரப் பசையும் தோலும் மரமும் கொக்கியுமாக இருப்பதால் இது முடிகிறது. வஜ்ஜிரம் வெந்நீரில் விடும், தோலை உரித்து வேறு ஒட்டலாம். பிற்காலத்தில் மலிவாக, அறைக்குள் திணித்துக் கட்டியவற்றில் ஒரு வால்வின் தோலை மாற்ற நூறு குழல்களை இறக்க வேண்டியிருக்கும். பழுது பார்க்க மனசு வராது, பூட்டிவைத்துவிடுவார்கள்.

இந்த என் அளவுகோலுக்கு அடங்காத ஒன்று ஜெர்மனியின் வைங்கார்ட்டன் தேவாலயத்து ஆர்கன். காப்லர் 1737-ல் தொடங்கி 1750-ல் முடித்தது. சுவரில் ஆறு ஜன்னல்கள், ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று நிபந்தனை. மனிதர் ஆர்கனையே ஜன்னல்களைச் சுற்றி உடைத்துப் பரப்பிவிட்டார், நடு ஜன்னலின் உச்சியிலும் ஒரு குட்டிப் பிரிவு. டிராக்கர்கள் போகிற தூரத்தை நினைத்தால் தலை சுற்றும். போதாததற்குப் பெடலின் மிகத் தாழ்ந்த ஸி ஒன்றுக்கு மட்டும் ஒரு ஸ்டாப், அந்த ஒற்றைச் சுரத்துக்கு 49 குழல்கள். எந்த நியாயமும் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்காவது உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் சில விஷயங்கள். சட்டைப்பையில் இருக்கிற பேனா, சில்லறை, போன் எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிடுங்கள். குனியும்போது விழுகிற நாணயம் நேரே ஏதோ ஒரு பெரிய குழலுக்குள்தான் போகும். தடுமாறினால் சட்டத்தைப் பிடியுங்கள், குழலைப் பிடிக்காதீர்கள், அது சும்மா நிற்கிறது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் டியூனிங் முடிந்தபிறகு தொடுங்கள். கைச் சூடு பட்ட குழல் கொஞ்ச நேரத்துக்குச் சுரம் ஏறியே நிற்கும், அதை நம்பி அடுத்ததைத் திருத்தினால் அன்றைய வேலை முழுக்க வீண், கீழே கீ அழுத்துகிறவர் உங்களை மன்னிக்க மாட்டார்.